ஜெட் நாற்காலியும் நீல பேசினும்

எனக்குச் சட்டென்று அருவருப்பு வந்துவிடும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பஸ்ஸில் எண்ணெய்த் தலை சாய்ந்த கம்பியைத் தொட மாட்டேன். ஹோட்டலில் தம்ளரை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கி விளிம்பைப் பார்த்துவிட்டுத்தான் வாய் வைப்பேன். இப்படிப்பட்ட நான் அழகு நிலைய வேலைக்குப் போனதைக் கேட்டுச் சிரிக்காத சொந்தக்காரர்கள் கிடையாது. ஆரியசாலையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் அப்பாவுக்கு வேலை. பன்னிரண்டாவது முடித்ததும் தையல் படிப்பா, பியூட்டீஷியன் படிப்பா என்ற கேள்வி வந்தபோது, முடி வெட்டுவது எனக்குப் பிடிக்கும் என்று சொல்லி இரண்டாவதை எடுத்தேன். முடி வெட்டுவது மட்டும்தான் அந்த வேலை என்று நினைத்திருந்தேன். கால், அக்குள், மூக்குத் துவாரம், குதிகால் வெடிப்பு இதெல்லாம் அதற்குள் இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

முதலில் வேலைக்குப் போனது கரமனையில் ஒரே ஒரு அறையில் நடந்த பார்லர். வாசலில் பூப்போட்ட திரை. உள்ளே இரண்டு நாற்காலி, ஒரு கட்டில், ஒரு மின்விசிறி. நடத்தியவர் ஐம்பது தாண்டிய ஒரு மலையாளத்துச் சேச்சி. நல்ல மனசுக்காரர். ஆனால் எதையும் தூக்கிப் போட அவருக்கு மனசு வராது. கத்தரிகள் எல்லாம் சாலை என்று பேர் உள்ள கடைத்தெருவில் மலிவாக வாங்கியவை. முடி இரண்டு அலகுகளுக்கும் நடுவே மடங்கி நழுவும். ஒரு வெட்டுக்கு மூன்று தடவை கத்தரியைப் போட வேண்டும். சாயங்காலம் கட்டைவிரல் அடியில் நரம்பு இழுக்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது வேக்ஸ்.

கைகால் முடியை எடுக்கப் பூசும் அந்த மெழுகை ஒரு தடவை பூசி உரித்ததும் எறிந்துவிட வேண்டும். சேச்சி எறிய மாட்டார். உரித்ததையெல்லாம் ஒரு அலுமினியப் பாத்திரத்தில் சேர்த்து, மீண்டும் சூடாக்கி, டீ வடிகட்டியில் வடிப்பார். வடிகட்டியில் தங்காத சின்னச் சின்ன முடிகள் அந்தத் தேன்நிறத்துக்குள் மிதக்கும். யாரோ ஒருத்தியின் அக்குள் முடி இன்னொருத்தியின் முன்னங்கையில் ஒட்டும். பூசுகிறது என் கை.

ஒரு நாள் கேட்டேன். "சேச்சி, இது தப்பில்லையா?"

"தீயில கொதிச்சா எல்லாம் சுத்தமாகும் மோளே. தங்கத்தையும் உருக்கித்தானே மறுபடி வளை செய்யறாங்க?" என்றார். நிஜமாகவே நம்பித்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்தால் சாப்பிட முடியாது. குழம்பில் கடுகு மிதந்தாலும் எனக்கு அது வேறு ஏதோவாகத் தெரியும். அம்மா நாகர்கோவில்காரி. "மக்களே, சோறு ஆறிப்போவுதுல்லா. எவ்வளவு நேரமா அதையே நோண்டிக்கிட்டு இருக்க?" என்பாள். நான் தட்டைத் தள்ளிவிட்டுப் போய்க் கையை மறுபடி சோப்புப் போட்டுக் கழுவுவேன். அந்த நாட்களில் என் மனதில் ஒரு கணக்கு உறுதியாக உட்கார்ந்தது. மலிவு என்றால் அழுக்கு. விலை கொடுத்து நல்ல சாதனங்கள் வைத்திருக்கிற இடத்தில் இந்தக் கண்றாவி இருக்காது. அப்படி நினைத்துத்தான் ஊரின் இன்னொரு கோடியில் இருக்கும் கழக்கூட்டத்துக்கு வேலை தேடிப் போனேன்.

ஐடி பார்க் பக்கம் புதிதாகத் திறந்திருந்த சலூன் அது. முதல் மாடி. ரோட்டைப் பார்த்து முழுக்கக் கண்ணாடி. கதவைத் தள்ளினதும் எலுமிச்சைப் புல் வாசனையும் ஏஸியும் முகத்தில் அடிக்கும். நடத்தியவர் பாளையங்கோட்டைக் குடும்பம், ஆனால் பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கே, பேசுகிற தமிழில் பாதி மலையாளம் கலந்திருக்கும். தன்னை மேடம் என்று கூப்பிடச் சொல்லியிருந்தார். என்னோடு வேலை செய்தவர் தென்காசிப் பக்கத்து அக்கா ஒருவர். கணவர் கட்டட வேலைக்கு வந்தவர், அவரோடு இவரும் வந்து, ஹாஸ்டல் பெண்களுக்குப் புருவம் திருத்தித் தொழில் கற்றுக்கொண்டவர்.

அங்கே எனக்குக் கொடுத்த கத்தரியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. வெளிநாட்டுக் கத்தரி. தோல் உறையில் இருந்தது. முதல் தடவை ஒரு பெண்ணின் முடிநுனியில் போட்டபோது வெட்டியதே எனக்குத் தெரியவில்லை. சத்தமும் இல்லை, இழுப்பும் இல்லை. முடி தானாகப் பிரிந்து விழுந்தது. அன்று சாயங்காலம் கட்டைவிரல் வலிக்கவில்லை. மலிவான கத்தரியும் இதுவும் ஒன்றுதான், எல்லாம் கையில்தான் இருக்கிறது என்று யாராவது பெருந்தன்மையாகப் பேசினால் அவர் முடி வெட்டிப் பிழைத்தவர் இல்லை என்று இன்றைக்கும் சொல்வேன். அந்தக் கத்தரியைப் பிடித்த பிறகு என் பழைய கணக்கு இன்னும் கெட்டியாகிவிட்டது. விலை கொடுத்தால்தான் தரம் என்று எண்ணிக்கொண்டேன்.

அந்தச் சலூனின் மகாராணி ஒரு நாற்காலி. பெடிக்யூர் செய்கிறதற்கென்று வாங்கியது. கத்திரிப்பூ நிறத்தில் மெத்தை, முதுகைப் பிடித்துவிடும் உருளைகள், கைப்பிடியில் பொத்தான்கள். கீழே பாதத்தை வைக்க ஒரு தொட்டி. தொட்டியின் பக்கச் சுவரில் ஜெட் என்று சொல்லும் ஓட்டைகளிலிருந்து தண்ணீர் குபுகுபுவென்று பீய்ச்சும். அடியிலிருந்து பச்சையும் நீலமுமாக விளக்கு மாறி மாறி எரியும். வருகிற பெண்கள் காலை உள்ளே விட்டதும் முதலில் எடுப்பது போனைத்தான். விளக்கு வெளிச்சத்தில் மிதக்கிற தங்கள் பாதத்தைப் படம் எடுத்து அனுப்புவார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை. முந்தின நாள் சலூன் மூடியிருந்தது. நான் நாற்காலிப் பக்கம் கூட்டப் போனபோது ஒரு வாடை. நனைந்து மக்கிய துணி, சாக்கடை, அதற்கும் அடியில் அழுகிய மீன் மாதிரி ஏதோ ஒன்று. குனிந்து தொட்டியை முகர்ந்தேன். வெள்ளை வெளேரென்று பளபளத்தது. ஒரு கறை இல்லை. ஆனால் வாடை அங்கிருந்துதான்.

"அக்கா, இங்க வந்து மோந்து பாருங்க" என்றேன்.

"எனக்கு மோந்துல்லாம் பாக்க வேண்டாம்ட்டி. அது எப்பவும் உள்ளதுதான். அந்த வாசனை எண்ணெயை ரெண்டு சொட்டு கூட ஊத்திரு" என்றார் அக்கா.

ஒருவர் எழுந்ததும் தண்ணீரை வடியவிட்டு, தொட்டியைக் காகிதத்தால் துடைத்து, ஸ்ப்ரே அடித்து, அடுத்தவரை உட்கார வைப்பதுதான் அங்கே வழக்கம். தண்ணீரைச் சுற்றிவிடுகிற குழாய்களுக்குள் மருந்து விட்டுக் கழுவ, நாற்காலியை விற்ற கம்பெனியிலிருந்து ஆள் வர வேண்டும். ஆரம்பத்தில் வந்திருக்கிறார்கள். பிறகு மேடம் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

அந்த வாரத்திலேயே அது நடந்தது. நல்ல வேலையில் இருக்கும் ஒரு அம்மாள் தொட்டியில் கால் வைத்திருந்தார். ஜெட்டைப் போட்டதும் நுரையோடு கரும்பழுப்பில் ஒரு துணுக்கு வெளியே வந்தது. ஊறின தேயிலை போல மெதுவாகச் சுழன்று, அவர் பெருவிரல் பக்கம் போய் ஒட்டிக்கொண்டது. அவர் குனிந்து பார்த்தார்.

"இதென்ன, ஹெர்பலா?"

நான் வாயைத் திறக்கும் முன்னால் அக்கா, "ஆமா மேடம், மூலிகை" என்றுவிட்டார். அந்த அம்மாள் திருப்தியாகச் சாய்ந்துகொண்டார். நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

மத்தியானம் ஆள் வராத நேரத்தில் ஜெட்டின் மூடியைத் திருகினேன். கையாலேயே கழன்றது. அக்கா கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார். மூடியின் பின்பக்கம் பழுப்புச் சாம்பல் நிறத்தில் சளி போல ஒரு படலம். விரலால் தள்ளினால் நகர்ந்தது, விழவில்லை. அதற்குள் முடி, உரிந்த தோல், பிறைபிறையாக வெட்டின நகங்கள். எத்தனை பேருடைய கால் அழுக்கு அது! எல்லாம் ஒன்றாக ஊறிக் கூழாகி, உயிருள்ளது மாதிரி வழுவழுத்தது. உள்ளே குழாய் வளைந்து போயிற்று. போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தோம். கண்ணுக்கெட்டிய வரை அதேதான். கை போகாத, பிரஷ் போகாத வளைவு.

நான் வாந்தி எடுத்தேன். அக்கா என் முதுகைத் தடவிக்கொண்டே, "நல்ல காலம், நான் இதுல கால வச்சதே இல்லை" என்றார்.

மேடம் வந்ததும் மூடியைக் காட்டினேன். அவர் முகத்தைச் சுளிப்பார் என்று எதிர்பார்த்தேன். சுளிக்கவே இல்லை.

"நீ எதுக்கு அதத் துறந்தே? வாரண்டி போயிடும், கேட்டியா."

"மேடம், உள்ள முழுக்க அழுக்கு. காலை வைக்கிறவங்களுக்கு ஏதாவது வந்தா?"

"கஸ்டமர் பைப்புக்குள்ளயா கால் வைக்கறாங்க? சுத்தமான வெள்ளத்துலதானே வைக்கறாங்க? வெறுதே டென்ஷன் ஆக்காதே. மூடி வை."

அன்று திரும்பும் வழியில் சாலைக் கடைத்தெருவில் இறங்கி ஒரு பேசின் வாங்கினேன். அகலமான நீலப் பிளாஸ்டிக் பேசின். துணி ஊறவைக்க வாங்குவார்களே, அது. அதில் விளக்கு எரியாது, தண்ணீர் துள்ளாது. ஆனால் அதற்கு உள் என்று எதுவும் இல்லை. எங்கே அழுக்கு இருந்தாலும் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். ஒருவர் கால் எடுத்ததும் சோப்புப் போட்டுத் தேய்ப்பேன், பிளீச்சிங் தண்ணீர் ஊற்றி வைப்பேன், பிறகு மொட்டைமாடி வெயிலில் கவிழ்த்துவிடுவேன். என்னிடம் வருகிறவர்களிடம் மெதுவாகப் பேசி அதில் கால் வைக்கச் சொல்வேன்.

அவர்களுக்கு அது பிடிக்கவில்லை. ஒரு பெண் மூக்கைப் பிடிக்காத குறையாக, "ஐயே, இது துணி அலக்கற பேசினில்லே?" என்றாள். என் பேசினைப் பார்த்து அவளுக்கு வந்த அதே முகம்தான் அந்த நாற்காலியைப் பார்த்தால் எனக்கு வரும். அவள் எழுந்து போய் நாற்காலியில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினாள். நுரை பொங்கியது. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வழக்கமாக வருகிறவர்களில் மதுரைப் பெண் ஒருத்தி இருந்தாள். சாஃப்ட்வேர் ஆபீஸ், பக்கத்திலேயே ஃபிளாட். தமிழ் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் என்னிடம் நிறையப் பேசுவாள். அவளிடமும் பேசினைச் சொல்லிப் பார்த்தேன்.

"அக்கா, நாள் முழுக்க உக்காந்து முதுகே போச்சுக்கா. அந்தச் சேருக்காகத்தான் நான் வர்றதே" என்று சிரித்தாள். முழங்காலுக்குக் கீழே புதிதாக ஷேவ் செய்திருந்தாள். தோலில் அங்கங்கே சின்னக் கீறல் சிவப்பாகத் தெரிந்தது.

"காலை ஷேவ் பண்ணினா அன்னைக்கு இதுல வைக்காதீங்க" என்றேன். மேடம் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்தார். பெண் அதற்குள் உட்கார்ந்துவிட்டாள்.

கொஞ்ச நாள் கழித்து அவள் வந்தது அழகு பார்க்க இல்லை. நிற்கவே சிரமப்பட்டாள். தொளதொள பேண்டை முழங்கால்வரை தூக்கினாள். இரண்டு கெண்டைக்காலிலும் கட்டிகள். சில ஊதா நிறத்தில் திரண்டு, சில உடைந்து சீழ் கட்டி, சுற்றிலும் மருந்து அப்பி. அந்த மருந்து வாடையும் சீழ் வாடையும் எலுமிச்சைப் புல் வாசனையோடு கலந்து அடித்தது.

"டாக்டர் கேட்டாரு, பொதுத் தொட்டி எதுலயாவது கால் வச்சீங்களான்னு. நான் இங்க மட்டும்தான் வச்சேன்" என்றாள். குரலில் கோபத்தைவிட அழுகைதான் இருந்தது.

மேடம் ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. விறுவிறுவென்று பின்பக்கம் போய் என் நீல பேசினைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதை நடுவில் வைத்துக் காட்டினார்.

"பாருங்கோ. இந்தக் குட்டி சாலையிலேருந்து வாங்கிக் கொண்டுவந்தது. எத்தனையோ வாட்டி வேண்டாம்னு சொல்லிட்டேன். நான் அத்தனை செலவு பண்ணி இம்போர்ட்டட் சேர் வச்சிருக்கேன். இந்த மாதிரி சீப் சாதனம் யூஸ் பண்ணினா இன்ஃபெக்ஷன் வராம என்ன வரும்?"

அந்தப் பெண் பேசினையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "நான் இதுல கால் வைக்கவே இல்லையே" என்றாள்.

எனக்கு உடம்பு முழுக்க எரிந்தது. நேரே நாற்காலிக்குப் போனேன், குனிந்தேன், மூடியைத் திருகிக் கழற்றினேன், ஃபேஷியலுக்கு வைத்திருந்த வெள்ளைத் துண்டின் மேல் அதைக் கவிழ்த்து வைத்தேன். சென்ற தடவை பார்த்ததைவிடத் தடிமனாக வளர்ந்திருந்தது. துண்டின் மேல் மெதுவாக இறங்கியது.

பக்கத்துக் கட்டிலில் முகத்தில் பூச்சோடு படுத்திருந்த அம்மாள் கண்ணிலிருந்து வெள்ளரித் துண்டை எடுத்துவிட்டு எட்டிப் பார்த்தார். "ஐயோ, என்னது இது?" என்று எழுந்து உட்கார்ந்தார். மதுரைப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். தன் காலைத் தன்னுடையது இல்லை என்பது போலப் பார்த்தாள்.

மேடம் அந்தத் துண்டைப் பார்க்கவில்லை. அக்காவிடம் திரும்பி, "நின்னு பாத்துட்டிருக்காதே. ரூம் ஸ்ப்ரே எடுத்து அடி" என்றார்.

அக்கா அடித்தார். ரோஜா வாசனை. இத்தனை வருஷத்தில் நான் பார்த்த அழுக்குகளில் வடிகட்டிய வேக்ஸ் உண்டு, பேன் ஊர்ந்த தலை உண்டு, அந்தக் குழாய்க் கூழ் உண்டு. எதுவும் அந்த ரோஜா வாசனை அளவுக்கு என்னைக் குமட்ட வைத்ததில்லை. ஒரு பெண் சீழ் பிடித்த காலோடு எதிரே நிற்கிறாள், இவர்களுக்கு வாடைதான் கவலை.

"நாளைலேருந்து நீ வரண்டா" என்றார் மேடம் என்னிடம்.

"நானும் வர்றதா இல்ல" என்றேன். தோல் உறையில் இருந்த கத்தரியை மேசையில் வைத்தேன். அதை விட்டுவிட்டு வரத்தான் கஷ்டமாக இருந்தது. பேசினைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படி இறங்கினேன். கழக்கூட்டத்திலிருந்து தம்பானூர் வரை பஸ்ஸில் எல்லோரும் என்னை விநோதமாகப் பார்த்தார்கள்.

மதுரைப் பெண் புகார் எதுவும் கொடுக்கவில்லை. போனில் கேட்டபோது, "யாருக்குக்கா டைம் இருக்கு? விடுங்க" என்றாள். கட்டிகள் ஆறின. தழும்பு கறுப்பாக நின்றுவிட்டது. சேலை கட்டினால் தெரியாது என்றாள். அவள் அதை லேசாகச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் கால் அவளுடையது.

இப்போது கரமனையில் ஒரு சந்தில் கீழ்த்தள அறை ஒன்றை வாடகைக்கு எடுத்து நானே நடத்துகிறேன். முதலில் வாங்கியது ஒரு நல்ல கத்தரி. அதற்காகப் பல மாதம் பொறுத்திருந்தேன். ட்ரிம்மரில் காசை மிச்சம் பிடிக்கலாம் என்று மலிவாக ஒன்று வாங்கினேன். அது சூடாகி ஒரு பெண்ணின் பின்கழுத்தைச் சிவக்க வைத்தது. அன்றே தூக்கி எறிந்துவிட்டு வேறு வாங்கினேன். சீப்பும் பேசினும் கடைத்தெருவில் கிடைப்பதுதான். வேக்ஸ் ஒரு தடவை பூசியது குப்பைக்குப் போகும். எதை விலை கொடுத்து வாங்க வேண்டும், எதை வேண்டியதில்லை என்று யாராவது கேட்டால் நான் சுருக்கமாகப் பதில் சொல்ல மாட்டேன். பிரித்துக் கழுவ முடியுமா, கழுவியது கண்ணுக்குத் தெரியுமா என்று முதலில் பார் என்பேன். அதற்குப் பிறகு விலையைப் பேசலாம். கேட்டவர்களுக்கு இந்தப் பதில் சலிப்பாக இருக்கிறது. எந்தக் கம்பெனி என்று சொன்னால் போதும் அவர்களுக்கு.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டு அம்மாள் மகளோடு வந்தார். முடி வெட்டியது பிடித்திருந்தது. பெடிக்யூர் என்றதும் நான் பேசினை எடுத்து வந்தேன். "இதிலயா? சேர் ஒண்ணும் இல்லையா?" என்றார். இல்லை என்றேன். முகம் கோணிப்போயிற்று. மகளைக் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். எங்கே போயிருப்பார் என்று எனக்குத் தெரியும். அந்தப் பெண் கல்யாணத்துக்கு முன்னால் காலை ஷேவ் செய்துகொள்வாள் என்றும் தெரியும். ஓடிப்போய்ச் சொல்லலாமா என்று வாசல்வரை போனேன். ஆட்டோ கிளம்பிவிட்டது.

தென்காசி அக்கா இன்னும் அங்கேதான் வேலை செய்கிறார். பிள்ளைகள் படிக்கிறார்கள், விட முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க வந்தார். நாற்காலிக் கம்பெனி ஆள் வந்து மருந்து ஊற்றினதாகவும், குழாயிலிருந்து கறுப்புத் தண்ணீர் வந்துகொண்டே இருந்ததாகவும், பிறகு யாரும் அவனைக் கூப்பிடவில்லை என்றும் சொன்னார். மெத்தைக்கு மட்டும் தங்கக் கலரில் புது உறை போட்டிருக்கிறார்களாம்.

பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் குதிகாலைப் பார்த்தேன். வருஷக்கணக்காக நின்று நின்று பாளம் பாளமாக வெடித்திருந்தது. "காலை நீட்டுங்க" என்றேன்.

"எனக்கு எதுக்குட்டி இதெல்லாம்?"

"நீட்டுங்கக்கா."

பேசினில் வெந்நீர் ஊற்றி உப்புப் போட்டு வைத்தேன். அக்கா கூச்சத்தோடு காலை விட்டார். கொஞ்ச நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டார். நான் ஒரு பாதத்தைத் தூக்கி மடியில் துண்டின் மேல் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தேன். செத்த தோல் மாவு மாதிரி உதிர்ந்தது. அடுத்தவர் காலைத் தொடுவது எனக்கு இன்றைக்கும் பிடிக்காது. மூச்சை அடக்கிக்கொண்டுதான் செய்வேன்.

அக்கா ஒரு கண்ணைத் திறந்தார். "என்னட்டி, நாறுதா?"

"நாறுது" என்றேன்.

"நல்லா தேயி" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.